வேகம் வேணுமெண்டு பாரியரை நிப்பாட்டாதையுங்கோ

டேற்றாபேஸ் ஆமை மாதிரி நகருது எண்டால் எங்கட பெடியள் முதல் தேடுறது ஒரு வரி மந்திரம். லினக்ஸில் அது பல தரம் ‘நோபாரியர்’. மவுண்ட் செற்றிங்கில் போட்டால் உண்மையாகவே வேகம் வரும். பிரச்சினையே அதுதான்.

ஒவ்வொரு கமிற்றுக்கும் போஸ்ற்கிறெஸ் “டிஸ்க்கில் பதிஞ்சிட்டுதா?” எண்டு கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும். அந்தக் கேள்விக்குப் பெயர் எஃப்சிங்க். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 120 தரம்தான் சுத்தும். ஆகவே ஒரு கனெக்‌ஷன் ஒண்டுக்குப் பின் ஒண்டாக கமிற் பண்ணினால் 120ஐத் தாண்டுறது கஷ்டம். ஆயிரம் வருதெண்டால் சந்தோசப்படாதையுங்கோ, இடையில ஆரோ பொய் சொல்லுறாங்கள். பாரியர் இல்லாட்டி அந்தப் பொய்யைச் சொல்லுறது டிஸ்க்கின்ர உள் கேஷ். தன்ர நினைவகத்தில் வாங்கி வைச்சிட்டு ‘எழுதியாச்சு’ எண்டிடும்.

ஈஎக்ஸ்டி3இல் பாரியர் நெடுங்காலம் இயல்பாகவே ஓஃப், ஈஎக்ஸ்டி4இல் ஓன். மாறின ஆக்கள் “புதுசு ஸ்லோ” எண்டு திட்டினவை. ஏமாத்தினது பழசு! எக்ஸ்எஃப்எஸ்காரர் கேர்னல் 4.19இல் அந்த ஒப்ஷனையே தூக்கிவிட்டார்கள். நல்ல வேலை.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த நாடு இது. கறண்ட் போற நேரம் கேஷில் இருந்தது போகும். ஒரு கடையின்ர கடைசி பில் மட்டும் தொலைஞ்சால் பரவாயில்லை. எழுத்தின் ஒழுங்கு குழம்பினால் முழுக் கடன் கணக்குமே திறக்காமல் போகலாம். யூபிஎஸ் இருக்கு எண்டுவியள். அதின்ர பற்றரி எத்தினை வருசம் பழசு?

முதலில் அளந்து பாருங்கோ. போஸ்ற்கிறெஸோடையே ‘பிஜி_டெஸ்ற்_எஃப்சிங்க்’ வரும். பிறகு கோட்டைப் பாருங்கோ: ஆயிரம் இன்சேர்ட்டுக்கு ஆயிரம் கமிற் போகுதா? எல்லாத்தையும் ஒரே ட்ரான்சாக்‌ஷனுக்குள்ள போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். ‘நோஏரைம்’ போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் 2009இலிருந்து ‘ரெல்ஏரைம்’ இயல்பாக இருக்கிறதால பெரிசா ஒண்டும் கிடைக்காது.

அதுக்கும் காணாட்டி ‘சிங்க்ரனஸ் கமிற்’ஐ ஓஃப் பண்ணலாம். இயல்பான செற்றிங்கில் கடைசி 0.6 வினாடி அளவு கமிற்றுகள்தான் தொலையும், டேற்றாபேஸ் உடையாது. அதை ட்ரான்சாக்‌ஷன் வாரியாகவும் மாத்தலாம்: பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஓஃப், காசு வரவுக்கு ஓன்.