எங்கே படித்தால் என்ன என்பவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி அப்பாவையும் தாய்மாமாவையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அரியலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். அவளுக்குச் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும். மாமாவுக்கு அதில் இஷ்டமில்லை. “கம்ப்யூட்டர எங்க படிச்சா என்ன டீச்சர்? எல்லாம் யூடியூப்லயே இருக்கு. நாளைக்கு ஏஐயே புரோகிராம் எழுதிடுமாம். வெறும் பேருக்காகப் பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பணுமா?”

அவர் அக்கறையோடுதான் கேட்டார். இதே பேச்சை ஆசிரியர் அறையிலும் கல்யாணப் பந்தியிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளும் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பாடம் இணையத்தில் இருப்பது உண்மை. ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகளே என்பிடெல் வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. நானே பார்க்கச் சொல்வேன். ஆனால் கேட்பது வேறு, கட்டுவது வேறு. டெட்லாக் என்று ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமின் கையில் இருக்கும் பூட்டுக்கு (லாக்) இன்னொன்று காத்திருக்கும், அதன் கையில் இருக்கும் பூட்டுக்கு இது காத்திருக்கும், இரண்டும் அசையாது. வீடியோவில் இரண்டு வட்டமும் இரண்டு அம்புக்குறியும் போட்டால் புரிந்துவிடும். தான் எழுதிய புரோகிராமில் அது நேரும்போது திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. சும்மா நிற்கும். மணிக்கணக்காகத் தேடி அலுத்தபோது பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்து, “லாக்குகளை ரெண்டு இடத்திலயும் ஒரே வரிசையிலதான் எடுக்கிறியா?” என்று ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்வியோடு பாடம் உள்ளே இறங்கிவிடும். அப்படிக் கேட்கத் தெரிந்தவர்கள் சூழ நான்கு ஆண்டுகள் இருக்கத்தான் கல்லூரி. கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பொதுப் பிரிவின் கட்-ஆஃப் 200-ஐ ஒட்டியே முடிந்துவிடுகிறது. மாநிலம் முழுவதிலுமிருந்து கணக்கில் தேர்ந்த பிள்ளைகள் வந்து சேரும் இடம் அது. அங்கே கிடைக்கும் தோழமையை எந்த வீடியோவும் தராது.

அடுத்து ஏஐ. கோடு எழுதும் வேலையில் பெரும்பகுதியை அது செய்யட்டும். எழுதியது சரியா என்று யார் சொல்வது? ஒரு லட்சம் பேர் கொண்ட பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடுகள். முதலில் அகரவரிசைப்படுத்திவிட்டு அடுத்தடுத்த பெயர்களை மட்டும் பார்த்தால் சுமார் 17 லட்சத்தோடு முடிந்துவிடும். இரண்டுமே சரியான விடையைத் தரும். இரண்டில் எது உதவும் என்று தீர்ப்புச் சொல்லக் கணக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று, நம் வீட்டு விஷயம். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். பல கணினி மொழிகள் ஐந்து என்று சொல்லும். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாக அது சேமிக்கப்படுவதுதான் காரணம். இதை அறியாதவர் தமிழ்ச் சொல்லைத் திருப்பிப்போட ஒரு புரோகிராம் எழுதினால் இகரக் குறியும் புள்ளியும் தவறான இடத்தில் போய் நிற்கும். கிண்டியின் கணினித் துறையில் டி.வி.கீதா, ரஞ்சனி பார்த்தசாரதி போன்ற பேராசிரியர்கள் தமிழைக் கணினிக்குப் புரியவைப்பதையே பல ஆண்டுகள் ஆய்வாகச் செய்தவர்கள். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் அந்த வேலையைச் செய்திருக்கிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளை தன் மொழியை ஒரு பொறியியல் கேள்வியாகப் பார்க்கும் வாய்ப்பு வேறு எத்தனை இடங்களில் இருக்கிறது?

அடுத்து, ‘வெறும் பேருக்காக’ என்ற பேச்சு. பெயருக்காக மட்டும் அவள் போவதென்றால் நானும் மாமா பக்கம்தான். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது என்ற பெருமை யாருக்கும் தேர்வு எழுதித் தராது. ஆனால் அங்கே படித்தவர்கள் போன வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட ஆரம்பகாலக் கணினியான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்ற ஆர்.நரசிம்மன் கிண்டியில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தவர். 1994-இல் கணினித் துறைக்கான டூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டி 1958-இல் அங்கே சிவில் முடித்தவர்.

‘ராஜ் ரெட்டியே சிவில்தானே, அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும்னு ஏன் அடம்?’ என்று கேட்பவர்களும் உண்டு. அன்று இந்தியாவில் கணினிப் பொறியியல் பட்டமே கிடையாது. இருந்ததைப் படித்துவிட்டு, ஆஸ்திரேலியா போய், பிறகு ஸ்டான்ஃபோர்டு போய் அவர் கணினியை அடைந்தார். இவளுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. அவர் கடல் தாண்டித் தேடிய பாடம் அதே வளாகத்தில் இருக்கிறது.

செலவும் தூரமும் மீதி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலிலும் உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வீட்டுப் பக்கத்துத் தனியார் கல்லூரிக்குப் பேருந்துக் கட்டணம் மட்டும் என்ன ஆகும் என்று மாமாவைக் கணக்குப் போடச் சொன்னேன். தாளில் போட்டுப் பார்த்துவிட்டு அமைதியானார். பெண்ணைத் தனியே அனுப்பும் பயத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை. வளாகத்துக்குள்ளேயே பெண்கள் விடுதி இருக்கிறது, ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள் என்றேன்.

அதுவரை பேசாமல் இருந்த அப்பா கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: “கிடைக்குமா டீச்சர்?”

தெரியாது என்றேன். ஆனால் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையத்தில் நடக்கிறது. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். முதல் வரி கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது. மேலே ஆசைப்பட்டதை எழுதியதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. பெற்றோர்களே, பிள்ளை கேட்கும் கல்லூரியை முதல் வரியில் எழுதவிடுங்கள்.