பன்றிக்கறி விலையும் நமது மண்டி விலையும்

பன்றிக்கறிக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். சரக்கில் சம்பந்தம் இல்லை. விலை நிலவரம் சொல்லும் முறையில் இருக்கிறது.

நமது மண்டி விலை எப்படி உருவாகிறது? பெரும்பாலும் நாலு பெரிய கடைகளுக்குப் போன் போட்டு, அவர்கள் சொல்வதைப் போட்டுவிடுகிறார்கள். அந்த விலையில் எத்தனை மூட்டை விற்றது என்று யாரும் கேட்பதில்லை. நாமக்கல் முட்டையில் அறிவிப்பு விலை ஒன்று, ‘மைனஸ்’ போட்டு முடித்த விலை வேறு என்று இருந்ததை நாம் அறிவோம். இதில் அடிபடுவது சில்லறைக் கடைக்காரர்தான்.

அமெரிக்காவிலும் பன்றிக்கறி மொத்த விலை வெகுகாலம் விருப்பப்பட்டவர்கள் சொன்னதாகவே இருந்தது. ஆடு, மாடு, உயிர்ப்பன்றி விலைகளைக் கட்டாயம் தெரிவிக்க 1999லேயே சட்டம் வந்தும், பன்றிக்கறி விடுபட்டுப் போயிற்று. 2010ல் சட்டத்தைத் திருத்தி, 2013 ஜனவரி முதல் அதையும் சேர்த்தார்கள். ஆண்டுக்கு லட்சம் பன்றிகளுக்குக் குறையாமல் வெட்டும் ஆலைகள், விற்ற துண்டு, எடை, விலை எல்லாவற்றையும் நாளுக்கு இருமுறை வேளாண்மைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் அபராதம்.

கணக்கிடும் விதம்தான் முக்கியம். விற்ற எடைக்கு ஏற்ற சராசரி எடுக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஒருவர் 100 மூட்டை பருப்பைக் கிலோ 150 ரூபாய்க்கும், இன்னொருவர் 10 மூட்டையை 161க்கும் விற்றால், நம் ஆட்கள் சராசரி 155.50 என்பார்கள். அவர்கள் கணக்கில் அது 151. பிறகு தொடை, முதுகு, விலா, வயிறு, தோளின் மேல்பாகம், கீழ்பாகம் என்று ஆறு பாகங்களின் விலையையும் முழு உடலில் அவற்றுக்குள்ள எடைப் பங்கின்படி கூட்டி, 100 பவுண்டுக்கு ஒரு மதிப்பு போடுகிறார்கள். இதற்குப் பெயர் கட்அவுட். நம் ஊரில் கட்அவுட் என்றால் தியேட்டர் வாசல்தான் நினைவுக்கு வரும்!

பேரம் பேசி முடித்த விற்பனை மட்டுமே இந்த மதிப்பில் சேரும். பழைய அறிக்கை விலையை ஆதாரமாக வைத்துப் போடும் ஒப்பந்த விற்பனைகளுக்குத் தனி அறிக்கை. இல்லாவிட்டால் விலை தன் வாலைத் தானே துரத்தும். அங்கும் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 2013 அக்டோபரில் அரசுப் பணிகள் முடங்கியபோது அறிக்கையும் நின்றது. அதை நம்பி ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள் திண்டாடினர்.

“என் வியாபார ரகசியம் வெளியே போய்விடுமே” என்று நம்மவர்கள் தயங்குவார்கள். அங்கே எந்த ஆலையின் பெயரும் வெளிவருவதில்லை. ஒரே ஆலையின் கை அளவுக்கு மீறி ஓங்கியிருக்கும் விலையை வெளியிடுவதே இல்லை. நாளைக்கு என்ன விலைக்கு விற்பது என்று கூடிப் பேசுவது வேறு, அது சட்ட விரோதம். நேற்று முடிந்த விற்பனையைச் சொல்வது வேறு.

நமது சங்கம் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. துவரம் பருப்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ரகம், மூட்டை, பில் விலை மூன்றையும் பெயரில்லாத சீட்டில் வாங்கி, மூன்று மாதம் இந்த இதழிலேயே வெளியிட்டுப் பார்க்கட்டும். முதல் சீட்டை நமது கடையிலிருந்தே தருகிறோம்.