வீரம் பிறவிச் சொத்தா?

1914-ம் வருஷம் அக்டோபர் மாதம் 31-ந் தேதி, பெல்ஜியத்தில் ஹோலபெக் என்னும் ஊரில் நடந்த சண்டையை நம் வாசகர்கள் அறிய வேண்டுமென்று ஆசைப்படுகின்றோம். 129-வது பலூச்சிப் பட்டாளத்தின் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் ஜர்மானியரை எதிர்த்து நின்றன. அவற்றை நடத்திய வெள்ளைக்கார ஆபீசர் காயப்பட்டு விட்டார். ஒரு துப்பாக்கியைப் பீரங்கிக் குண்டு பாழாக்கி விட்டது. மற்றதில் இருந்தவர் குதாதாத் கான் என்னும் சாதாரணச் சிப்பாய். அவருக்கும் காயந்தான். ஆயினும் கூட இருந்த ஐந்து பேரும் மாண்டு போகும் வரை அவர் சுடுவதை நிறுத்தவில்லை. செத்தாரென்று எதிரிகள் விட்டுப்போன பின் ஊர்ந்து ஊர்ந்து தம் பட்டாளம் வந்து சேர்ந்தார். இந்தியச் சிப்பாய்களில் முதன்முதல் விக்டோரியா கிராஸ் பதக்கம் பெற்றவர் இவரே.

யுத்தத்தைப் புகழ இதை எழுதவில்லை. நாம் கேட்பது வேறு. அப்பதக்கம் ஏற்பட்டது 1856-ல். இந்தியச் சிப்பாய்க்கும் அது உண்டென்று டில்லி தர்பாரில் அறிவித்ததோ 1911-ல். இடையில் 55 வருஷ காலம் இந்தியனிடம் வீரமே இல்லாமலா இருந்தது? வீரம் இருந்தது; சட்டந்தான் இல்லை.

சண்டை க்ஷத்திரியன் தர்மம் என்று சாஸ்திரக்காரர்கள் எழுதி வைத்தார்கள். வெள்ளைக்காரனும் போர்ச் சாதி என்று ஒரு ஜாபிதா போட்டான். 1818-ல் கோரேகாவில் பேஷ்வாவின் சேனையை எதிர்த்து நின்ற கும்பினிப் பட்டாளத்தில் பலர் மகார்கள். அந்த மகார்களையே 1890-களில் பட்டாளத்துக்கு லாயக்கில்லை என்று தள்ளினார்கள். பிறகு யுத்த நெருக்கடியில், 1941-ல், அவர்கள் பெயராலேயே ஒரு பட்டாளம் திரட்டினார்கள். இடையில் அவர்கள் ரத்தமா மாறிற்று?

சென்னை மாகாணத்தானையும் இப்படித்தான் மட்டமாக எண்ணினார்கள். 1944-ல் இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, சென்னை சாப்பர்ஸ் பட்டாளத்து சுபேதார் சுப்பிரமணியம், கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து உயிர் விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. எந்த ஜாபிதா அவருக்கு அந்தத் துணிவைக் கொடுத்தது?

தோழர்களே! குண்டு ஜாதி பார்த்துப் பாய்வதில்லை; துணிவும் ஜாதி பார்த்துப் பிறப்பதில்லை. "இது உன் பிறவிக்கு வராது" என்று எவனாவது சொன்னால், அந்தச் சட்டத்தை எழுதியவன் யார், அதனால் லாபம் யாருக்கு என்று உடனே கேளுங்கள். பதில் வராது.