சராசரி ஆழம் முழங்கால் அளவுதானே!

ஓர் ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவுதான் என்று கேட்டு, நீந்தத் தெரியாத ஒருவர் அதில் இறங்கினார்; நடு ஆற்றில் மூழ்கிப் போனார். சராசரியைப் பற்றி வகுப்பில் பேசும்போது நான் சொல்லும் கதை இது. அன்டார்டிகாவைச் சூழ்ந்த கடலில் கிரில் பிடிப்பதைப் பற்றிப் படித்தபோதும் இக்கதையே நினைவுக்கு வந்தது.

கிரில் என்பது இறால், நண்டு வகுப்பைச் சேர்ந்த சிற்றுயிர். நீளம் சுமார் 6 செ.மீ.; எடை ஏறத்தாழ 2 கிராம். அதன் முன்கால்களில் நுண்ணிய மயிர்கள் வரிசையாக உள்ளன. அக்கால்களைக் கூடைபோல் விரித்து நீரை அள்ளும். பிறகு கூடையைச் சுருக்கி நீரை வெளியேற்றும். நீரில் மிதந்த நுண்பாசிகள் மயிர்களில் தங்கிவிடும். அதுவே அதன் உணவு. குளிர்காலத்தில் இளம் கிரில்கள் பனிக்கட்டியின் அடிப்புறத்தில் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும்.

கிரிலை உண்பவை எவை? 100 டன்னுக்கு மேல் எடையுள்ள நீலத்திமிங்கிலம், பென்குவின், ஆல்பட்ராஸ், மீன், கணவாய் எனப் பட்டியல் நீளும். நண்டுண்ணி சீல் என்று ஒரு விலங்கு உண்டு. பெயர்தான் நண்டுண்ணி, உண்பது பெரும்பாலும் கிரிலையே! அதன் பற்களே சல்லடைபோல் அமைந்துள்ளன.

மனிதனும் இப்பந்தியில் அமர்ந்துவிட்டான். வளர்ப்பு மீன்களின் தீவனத்துக்கும் எண்ணெய் மாத்திரைக்கும் கிரில் பிடிக்கிறான். தென்மேற்கு அட்லாண்டிக்கை ஒட்டிய அன்டார்டிக் கடற்பகுதியில் 2019-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி சுமார் 6 கோடி டன் கிரில் உள்ளது. அங்கே ஆண்டுக்கு 6,20,000 டன் பிடிக்கலாம் என்பது வரம்பு. "நூற்றில் ஒரு பங்குதானே, இதனால் என்ன கேடு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கணக்கு சரி, முடிவு தவறு என்பதே என் கருத்து. கிரில் கடலெங்கும் சமமாகப் பரவி வாழ்வதில்லை. சில இடங்களில் பெருங்கூட்டமாகத் திரளும். திமிங்கிலங்கள் வருவதும் அங்கேதான், கப்பல்கள் வருவதும் அங்கேதான். குஞ்சுக்கு இரை தேடும் பென்குவின் கூட்டை விட்டு வெகுதூரம் போக முடியாது. எங்கோ ஆயிரம் கி.மீ. தொலைவில் கோடி டன் கிரில் இருந்து அதற்கு என்ன பயன்?

இதை உணர்ந்துதான் 2009-இல் அந்த வரம்பை நான்கு பகுதிகளுக்குப் பிரித்து வைத்தார்கள். 2024-இல் அந்த ஏற்பாட்டை நீட்டிக்க நாடுகளிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை, அது காலாவதியாயிற்று. விளைவு? 2025-இல் பருவம் முடியுமுன்பே 6,20,000 டன்னும் பிடிபட்டு, மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது.

எவ்வளவு பிடிப்பது என்பதோடு எங்கே, எப்போது பிடிப்பது என்பதையும் வரையறுக்க வேண்டும். இதை முடிவு செய்யும் அன்டார்டிக் கடல் உயிர்வள ஆணையத்தில் 1986 முதல் நம் நாடும் உறுப்பினர். உறுப்பு நாடுகள் அனைத்தும் இசைந்தால்தான் அங்கே எந்த முடிவும் நிறைவேறும். ஆகவே நம் குரலுக்கும் அங்கே மதிப்புண்டு.

மாணவ நண்பர்களே, இனி யாரேனும் சராசரியைக் காட்டி "கவலை வேண்டாம்" என்றால், "எந்த இடத்தில், எந்தக் காலத்தில்?" என்று கேளுங்கள்.