பட்டணத்துக்குப் போன தண்ணீர் ரெயில்

2019 ஜூலை 12-ந் தேதி. ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரெயில் சென்னைக்குப் புறப்பட்டது. 50 டாங்கர் வண்டிகள். அத்தனையிலும் குடிதண்ணீர், மொத்தம் 25 லட்சம் லிட்டர்!

ஏன் இந்த ஏற்பாடு?

2018-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. 2015-ல் வெள்ளத்தில் மிதந்த நகரம், நான்கே ஆண்டில் குடத்துடன் தெருவில் நின்றது. பூமி சூடேற ஏற, மழை இப்படித்தான் தாறுமாறாகும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

கொடுத்தவர்க்கும் தாகம்

வேலூர் வட்டாரம் மட்டும் செழிப்பா? பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான். தோல் ஷாப்புக் கழிவால் கிணற்று நீரும் கெட்டது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே இதுபற்றித் தீர்ப்பளித்தது. காவிரிக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகே ஓரளவு தாகம் தீர்ந்தது. அந்தக் காவிரித் தண்ணீரில்தான் சென்னைக்குப் பங்கு! எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் தண்ணீர் போயிற்று.

ஒரு ரெயில் தண்ணீர், ஆளுக்கு 15 லிட்டர் குடம் ஒன்று என்றால், சுமார் 1 லட்சத்து 66 ஆயிரம் பேருக்குத்தான் வரும். சென்னையிலோ 60 லட்சத்துக்கு மேல் மக்கள். மழை வந்ததும் ரெயில் நின்றது.

ஏரியைத் தூர்வார வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். கழிவை ஆற்றில் விடாமல் தடுக்க வேண்டும். எல்லாம் கசப்பு மருந்துதான். மழைக்காலத்தில் அதைக் குடிக்காத ஊர், கோடையில் பக்கத்து ஊரின் குடத்தைப் பார்த்து நிற்கும்.