மடிக்கணினி இரைந்தால் பழி யார்மீது?

மே மாதத்து டெல்லியில், குளிரூட்டி இல்லாத விடுதி அறையில், ஓர் ஆய்வாளரின் மடிக்கணினி இரையத் தொடங்கினால் அவருக்குக் கிடைக்கும் அறிவுரைகள் இரண்டே: ஃபார்மட் செய், இல்லையேல் புதியது வாங்கு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் அல்லாத உதவித்தொகையாக மாதம் 8,000 ரூபாய் பெறுபவரிடம் இப்படிச் சொல்வது அறியாமையோடு அலட்சியமும் கலந்த பேச்சு.

விசிறி தன் கடமையைத்தான் செய்கிறது. செயலி ஏன் சூடாகிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு நிரலை இறங்குவரிசையில் அடுக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். (அங்கே ‘சிஸ்டம் ஐடில் பிராசஸ்’ 90 விழுக்காடு எனக் கண்டு அலறுவோர் கணினி அறிவியல் துறையிலேயே உண்டு, செயலி சும்மா இருக்கிறது என்பதே அதன் பொருள்.) நேற்றிரவு மூட மறந்த பைத்தான் நிரலோ, உலாவியின் ஏதோ ஒரு தாவலோ, புதுப்பித்தலுக்குப் பின் கோப்புகளை அட்டவணையிடும் விண்டோஸோ அங்கே அகப்படும். பயன்பாடு குறைவாக இருந்தும் இரைச்சல் ஓயவில்லையெனில் குற்றவாளி பெரும்பாலும் தூசி, உலர்ந்துபோன வெப்பப் பசை, அல்லது காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டிருக்கும் மெத்தை. நூறு முறை ஃபார்மட் செய்தாலும் தூசி அழியாது. வெப்பம் 100 பாகையை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆய்வாளரோ தம் நிரலைக் குறைசொல்லி இரவெல்லாம் திருத்திக்கொண்டிருப்பார்.

இவ்வளவும் எளிய பகுதி. நாட்கணக்கில் முழுச் சுமையில் ஓடவேண்டிய கணக்கீடுகளை, அதற்கென வடிவமைக்கப்படாத மெல்லிய மடிக்கணினியில், அதுவும் மாணவர் கைக்காசில் வாங்கியதில், ஓடவைப்பது யார்? 2015இல் தொடங்கிய தேசிய மீக்கணினித் திட்டத்தின்கீழ் ஐஐடிகளில் பரம் வரிசைக் கணினிகள் நிறுவப்பட்டுள்ளன. மாநிலப் பல்கலைக்கழகத்து மொழியியல் மாணவர் ஒருவருக்கு அவற்றில் இடம் கேட்டுக் கடிதம் எழுதிய மேற்பார்வையாளர்கள் எத்தனை பேர்? முடிவுகள் கட்டுரையாகும்போது மேற்பார்வையாளரின் பெயரும் அதில் ஏறுகிறது. பழுதுச் செலவு மட்டும் மாணவர் கணக்கில் நிற்கிறது.

‘பழைய கருவிக்கு ஓய்வு கொடுக்க வேண்டியதுதானே’ என்பர் சிலர். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது உண்மையே. ஆனால் அதே கருவியில் லினக்ஸ் இன்னும் பல்லாண்டு ஓடும். துறைக்கு ஒரு திருப்புளித் தொகுதி, ஒரு குழாய் வெப்பப் பசை, பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு பணிநிலையக் கணினி: அடுத்த துறைக்கூட்டத்தில் இம்மூன்றையும் எழுத்தில் கேட்கலாம்.