பாட்டில் தீர்ந்தது, மருந்து சேர்ந்ததா?

ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் ஒன்று உண்டு: "கவலைப்படாதீங்க, ஹை டோஸ் ஆன்டிபயாடிக் போட்டிருக்காங்க." மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டால் பேச்சு மாறும்: "இது கேக்கலையாம், இதைவிடப் பவர் ஜாஸ்தியா மாத்தப் போறாங்களாம்." போட்ட மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உறவினர்களை விடுங்கள், பல வார்டுகளில் மருத்துவர்களே கேட்பதில்லை. டோஸ் சரியாக எழுதியாயிற்று, பாட்டில் தீர்ந்தது, ஆகவே மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டது என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கை இன்சுலினுக்கு யாராவது போடுகிறோமா? பத்து யூனிட் போட்டாயிற்று, சுகர் இறங்கியிருக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. விரலில் குத்திப் பார்க்கிறோம். உயிருக்கே போராடுகிற நோயாளியின் ஆன்டிபயாடிக்கை மட்டும் நம்பிக்கையின் பேரில் விட்டுவிடுகிறோம்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் செஃபிபீம் என்ற ஆன்டிபயாடிக். முதல் கட்டிலில் பைக் விபத்தில் அடிபட்ட இளைஞன். இப்படிப்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் சில நாட்கள் வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதுண்டு. நிமிடத்துக்கு 130 மில்லிலிட்டருக்கும் மேல் ரத்தத்தைச் சுத்திகரித்து, கிருமியைத் தொடுவதற்குள் மருந்தையும் சிறுநீரில் தள்ளிவிடும். கிரியாட்டினின் ரிப்போர்ட்டோ 'நார்மல்' என்றுதான் வரும். அடுத்த கட்டிலில் ஒரு பாட்டி. சிறுநீரகம் சோர்கிறது, மருந்து தேங்குகிறது. பேச்சு குழறுகிறது, கை கால் வெட்டுகிறது. நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் அழுகிறார்கள். தேங்கிய செஃபிபீமே அப்படிச் செய்யக்கூடும். ஒருவருக்குப் போதவில்லை, மற்றவருக்கு மிஞ்சிவிட்டது. கேஸ் ஷீட்டைப் பார்த்தால் இரண்டிலும் பிழையில்லை.

இது கற்பனைப் பயம் அல்ல. 10 நாடுகளின் 68 மருத்துவமனைகளில் ஐ.சி.யூ. நோயாளிகளின் ரத்தத்தில் பென்சிலினையும் அதன் உறவு மருந்துகளையும் அளந்த ஆய்வு 2014-இல் வெளியானது. தொற்றுக்காகச் சிகிச்சை பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டிய குறைந்தபட்ச இலக்கைக்கூட எட்டவில்லை. அவர்கள் தேறும் வாய்ப்பு மற்றவர்களைவிட 32 சதவீதம் குறைந்திருந்தது.

"அளந்ததால் என்ன லாபம்? ஜெர்மனியில் பார்த்தார்களே" என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். உண்மைதான். 2022-இல் வெளியான அந்த ஆய்வில், பிப்பராசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை அளந்து டோஸை மாற்றியும் உறுப்புச் செயலிழப்பில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் படியுங்கள்: அளக்காமல் விட்டவர்களில் இலக்கைத் தொட்டவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு, அளந்து மாற்றியவர்களிலேயே 37 சதவீதம்தான். எனக்கு எதிராக எடுத்து வைத்த சாட்சியே 'டோஸ் சரியென்றால் போதும்' என்ற நம்பிக்கையின் காலை வாரிவிடுகிறது.

அளவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாலும் பயனில்லை. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அடுத்த டோஸுக்கு முன் ரத்தத்தில் லிட்டருக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்கட்டும் என்று 2009-இல் அமெரிக்க நிபுணர் குழுக்கள் சொன்னதைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினார்கள். சிறுநீரகங்கள் அடிவாங்கின. 2020-இல் அந்த வழிகாட்டுதலையே மாற்றி, நாள் முழுவதற்குமான மொத்த அளவைக் கணக்கிடச் சொன்னார்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும் அதே கையில் ரத்தம் எடுத்து, எடுத்த மணியையும் எழுதாமல் லேபுக்கு அனுப்பினால் வருவது வெறும் எண். அதைப் பார்த்து டோஸை மாற்றுவது அளக்காமல் இருப்பதைவிட மோசம்.

கடைசியாக ஒரு சாக்கு வரும்: "இதெல்லாம் வெளிநாட்டு ஆடம்பரம், நம்ம ஊருக்குச் சரிப்படாது." நம்ம ஊர் கதையைக் கேளுங்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில் 1960-களிலேயே நோயாளிகளின் ரத்தத்தில் ஐசோனியசிட் மருந்தை அளந்தார்கள். சிலர் உடம்பு அதை வேகமாகச் செயலிழக்கச் செய்கிறது, சிலர் உடம்பு மெதுவாக. வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்தபோது வேகமான உடம்புக்காரர்களுக்குப் பலன் குறைந்தது. கணினி பரவாத காலத்தில், சென்னையின் ஏழை நோயாளிகளிடம் கண்ட உண்மை இது.

காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குகிற எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டாம். கடும் தொற்றோடு ஐ.சி.யூ.வில் கிடப்பவர், சிறுநீரகம் நாளுக்கொரு விதமாக மாறுகிறவர், வான்கோமைசின், அமிக்காசின் போல பலனுக்கும் பாதிப்புக்கும் இடையே எல்லை குறுகிய மருந்து பெறுகிறவர் ஆகியோருக்கு வேண்டும். பவர் ஜாஸ்தியான அடுத்த மருந்துக்குத் தாவும் முன், முதல் மருந்துக்கு நியாயமாக ஒரு வாய்ப்புக் கொடுத்தோமா என்று பார்க்க வேண்டும். ஒரு குழாய் ரத்தம், அதன் மேல் எழுதிய மணி. தோற்றது மருந்தா, நம் கணக்கா என்பது அப்போதுதான் தெரியும்.